பிள்ளையின் ஃபைலை யாராவது கேட்டால்

குழந்தைகள் இல்லத்தில் கேஸ் ஒர்க்கராக, அதாவது பிள்ளைகளின் விவரங்களையும் ஃபைல்களையும் கவனிக்கும் ஊழியராகச் சேர்ந்த புதிதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். ஒரு பெண்ணை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனேன். "இந்தப் பிள்ளையோட பேப்பர் எல்லாம் கொடுங்க" என்றார்கள். பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையையும் சேர்த்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் அம்மா சிறையில் இருப்பது அதன் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, "அக்கா, நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் "எதுக்கு வேணும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பள்ளிச் சேர்க்கைக்கு வயதுச் சான்றும் இல்லத்தின் கடிதமும் போதும். மருத்துவருக்கு ஒவ்வாமை, போட்ட தடுப்பூசி, சாப்பிடும் மாத்திரை தெரிந்தால் போதும். பையன் எப்படி இல்லத்துக்கு வந்தான் என்ற கதை வேண்டாம். எச்.ஐ.வி. நிலை தொடர்பான தாளைத் தனி உறையில் ஒட்டி வையுங்கள். சம்மதம் இல்லாமல் அதை வெளியிடக் கூடாது என்று 2017-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

பிள்ளை எங்கே, யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் சட்டப்படியான அமைப்பான குழந்தைகள் நலக் குழு கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் குழுவின் முன் வரும் அறிக்கைகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 99-வது பிரிவு சொல்கிறது. சாராம்சத்தை இன்னொரு குழுவுக்கோ, பிள்ளைக்கோ, பெற்றோருக்கோ தெரிவிக்கலாமா என்பதைக் குழுதான் முடிவு செய்யும். வாசலில் வந்து நிற்கும் சித்தப்பாவுக்காக அதை நாம் முடிவு செய்யக் கூடாது.

பெரும்பாலான தொல்லை போனில்தான் வருகிறது. "மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து பேசுறேன், அவசரம், வாட்ஸ்அப்ல போட்டுடுங்க" என்பார்கள். உண்மையாகவே அங்கிருந்துதான் பேசுவார்கள், பாவம், அவர்களுக்கும் மேலிடத்து நெருக்கடி. இருந்தாலும் போனை வைத்துவிட்டு, அலுவலக எண்ணுக்கு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும். குழுவின் உத்தரவு எண், எந்தப் பகுதி வேண்டும், எதற்கு என்ற மூன்றும் உள்ள கடிதம் வரட்டும். அப்புறம் அந்தப் பகுதியை மட்டும் அனுப்புங்கள். பிள்ளையைச் சொந்த மாவட்டத்துக்கு மாற்றும்போது கதை வேறு. உரிய ஆவணங்களும் கூடவே போக வேண்டும் என்று 95-வது பிரிவே சொல்கிறது.

நாம் வேறொரு அலுவலகத்திடம் ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்கும்போதும் இதேதான். "கோப்பு முழுவதையும் அனுப்பவும்" என்று எழுதாதீர்கள். "இந்தப் பிள்ளையின் தம்பி எந்த இல்லத்தில் இருக்கிறான், கடைசியாகத் தெரிந்த முகவரி என்ன" என்று எழுதினால் பதிலும் சீக்கிரம் வரும்.

நன்கொடையாளர் வந்தால் பீரோ பூட்டியிருக்க வேண்டும், மேஜையில் ஃபைல் கிடக்கக் கூடாது. பிள்ளையின் பெயரும் படமும் பள்ளியும் வழக்கோடு சேர்ந்து வெளியே போனால் 74-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கடைசியாகப் பதிவேடு. தேதி, கேட்டவர், காரணம், கொடுத்த பக்கங்கள், கையெழுத்து என்று எங்கள் நோட்டில் ஐந்து கட்டம் இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பிறகு ஆறாவதாக ஒன்றை நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்தேன்: "பிள்ளையிடம் சொன்னோமா?"