இரவுப்பணியும் பகல் தூக்கமும்: படுக்கைக்கு வரும் முன்பே நடக்கும் தவறுகள்

இரவு 10 மணிக்கு வேலை தொடங்கி காலை 6 மணிக்கு முடிப்பவர் 8 மணிக்குப் படுப்பார், 11.30-க்கு விழிப்பு தட்டிவிடும். அசதி தீர்ந்திருக்காது, மறுபடி தூக்கமும் வராது. தெருச் சத்தத்தின் மேல் பழியைப் போடுவது வழக்கம். அதற்கும் பங்குண்டு. ஆனால் பெரிய காரணம், உடம்பின் கடிகாரம் இன்னும் பகல் வேலைக்காரர் நேரத்திலேயே ஓடுவதுதான். உடல் வெப்பம் விடியற்காலை 4, 5 மணி வாக்கில் மிகத் தாழ்ந்து, பிறகு ஏறத் தொடங்குகிறது. ஏறும் வெப்பத்தில் தூக்கம் நெடுநேரம் நிற்காது.

இந்தக் கடிகாரத்தை நகர்த்துவதில் வெளிச்சத்துக்கே முதலிடம். வெப்பம் தாழும் அந்த நேரத்துக்கு முன் கண்ணில் படும் நல்ல வெளிச்சம் தூக்க நேரத்தைத் தள்ளிப்போடும். அதற்குப் பின் படுவது தூக்க நேரத்தை முன்னால் இழுத்துவிடும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: இரவெல்லாம் மங்கலான அறையில் இருந்துவிட்டு, காலை வெயில் முகத்தில் அடிக்க வீடு திரும்புகிறார்கள். வேலையின் முதல் 4, 5 மணி நேரம் விளக்குகள் பளிச்சென்று இருக்கட்டும். கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்தில், வேலையின் பாதுகாப்புக்குக் குறைவு வராது என்றால் மட்டும், வெளிச்சத்தைக் குறைக்கலாம். திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி உதவும். வண்டியை நீங்களே ஓட்டுவதானால் வேண்டாம். அரைத்தூக்கத்தில் இருக்கும் கண்ணுக்கு அது இன்னும் ஆபத்து.

வண்டி விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதற்கு இணையாக அளவிடப்பட்டிருக்கிறது. முதல் நாள் ஷிஃப்டுக்கு, காலையில் எழுந்தது முதல் தூங்காமலே போவது அதனால்தான் மோசமான பழக்கம். மாலையில் 90 நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். இடைவேளையில் தூங்குவதென்றால் 20 நிமிடத்துக்குள் அலாரம் வையுங்கள். அதைத் தாண்டி ஆழ்ந்துவிட்டால் எழுந்ததும் தலை மந்தமாக இருக்கும். எப்படியானாலும், எழுந்து 15 நிமிடமாவது கழித்தே கவனம் தேவைப்படும் வேலையில் கைவையுங்கள்.

காபி தவறில்லை, நேரம்தான் தவறு. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்குப் படுப்பவருக்குக் கடைசிக் கோப்பை நள்ளிரவு 2 மணிக்கு. 5 மணிக்குத் தூக்கம் சொக்கும்போது குடிப்பது, பகல் தூக்கத்திலிருந்து வாங்கும் கடன். மது இன்னும் மோசம்: சீக்கிரம் தூங்கவைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் எழுப்பியும் விடும்.

பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது. கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். வெறும் வயிற்றோடும் படுக்க வேண்டாம்.

அறை இருட்டாக இருக்கிறதா என்று பார்க்க, முகத்துக்கு நேரே கையை நீட்டுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் திரைச்சீலை போதாது; மூடிய இமை வழியாகவும் வெளிச்சம் நுழையும். தடித்த துணியோ கண்பட்டையோ போடுங்கள். மின்விசிறியின் சீரான இரைச்சல் திடீர்ச் சத்தங்களை மழுப்பும். போனை அணைத்து வைக்கத் தயங்குபவர்கள், இரண்டு மூன்று எண்கள் மட்டும் ஒலிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் 7 மணி நேரம் தூங்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம்; காலையில் 5 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம் என்று பிரித்தாலும் சரிதான்.

இத்தனையும் செய்பவர்கள்கூடச் சறுக்குவது விடுமுறை நாளில். இரவு 10 மணிக்கே படுத்து, ஒரு வாரமாக நகர்ந்த கடிகாரத்தை இரண்டே நாளில் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். தொடர்ந்து இரவுப்பணி செய்பவர் விடுமுறையில் அதிகாலை 3 மணிக்குப் படுத்து நண்பகலில் எழலாம். வேலை நாளில் 8 முதல் 3 வரை தூங்குபவருக்கு, எல்லா நாளிலும் 8 முதல் 12 வரையிலான 4 மணி நேரம் பொதுவாக அமைந்துவிடும். அந்த 4 மணி நேரத்தை மட்டும் எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்து பகல் ஷிஃப்டுக்கே மாறப்போகிறவர் கடைசி இரவு முடிந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, வெயிலில் நடமாடி, அன்றிரவு சீக்கிரம் படுப்பதே நல்லது.

சர்க்கரை நோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுப்பவர்கள், வேளைகளைத் தாங்களாக மாற்றாமல் மருத்துவரைக் கேட்டபின் இரவுப்பணிக்குப் போக வேண்டும்.