கிளேர் மாவட்டம் காணச் செல்லும் நெல்லைக்காரர்களுக்கு

அயர்லாந்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காணப் பாளையங்கோட்டையிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் செல்லும் பெற்றோர் பலர், டப்ளினிலிருந்து ஒரே நாளில் மேற்குக் கரையிலுள்ள கிளேர் மாவட்டத்துக்குப் போய், அங்குள்ள மோஹர் எனும் செங்குத்தான கடலோரப் பாறைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இம்மாவட்டத்துக்கு இரண்டு இரவுகளாவது ஒதுக்க வேண்டும். அதிலும் முதல் நாளைக் கடலுக்கு அல்லாமல் பரென் எனும் சுண்ணாம்புக்கல் நிலத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது என்பதால் தனியே விண்ணப்பிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறித் துபாய் அல்லது தோஹா வழியாக டப்ளின் சேரலாம். அங்கிருந்து லிமெரிக் வழியாக ரயிலில் மாவட்டத் தலைநகரான என்னிஸுக்குப் போய்த் தங்குவது வசதி.

மேற்கே அட்லாண்டிக், வடக்கே கால்வே விரிகுடா, தெற்கே ஷானன் ஆற்றின் அகன்ற கழிமுகம் என அமைந்த இம்மாவட்டத்தின் வடபகுதிதான் பரென். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பமண்டலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், பனியாறுகள் மேல்மண்ணைச் சுரண்டிச் சென்றபின், சாம்பல் நிறத் தளமாக வெளியே தெரிகிறது. மழைநீர் கரைத்த வெடிப்பு ஒன்றில் குனிந்து பாருங்கள்: காற்று புகாத அந்த ஈரத்தில் மெல்லிய பெரணிகள் தழைத்திருக்கும். மே மாதத்தில் சென்றால், ஆல்ப்ஸ் மலைகளுக்குரிய நீல ஜென்ஷியன் பூவும் மத்தியதரைக்கடல் நாட்டு ஆர்க்கிட் செடியும் அருகருகே பூத்திருப்பதைக் காணலாம்.

2021 மழைவெள்ளத்தை நாள்கணக்கில் உள்வாங்கியும் நிரம்பாத திசையன்விளை ஆயன்குளம் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு, பரெனின் நீர்ப்போக்கை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அங்கும் நீர் சுண்ணாம்புப் பாறையின் உட்குடைவுகள் வழியாகவே ஓடுகிறது. ஆகவேதான் கேரன் ஊரருகே மழைக்காலத்தில் நிலத்தடியிலிருந்து ஊறி நிறையும் பெரிய ஏரி, வறண்ட கோடையில் வடிந்து மேய்ச்சல் நிலமாகிவிடுகிறது. வெயிலின் வெப்பத்தைத் தேக்கி வைக்கும் உலர்ந்த குன்றுகளுக்கு உழவர்கள் குளிர்காலத்தில் மாடுகளை ஏற்றிவிடுவதும் இந்தக் கல்லின் குணத்தால்தான். ஐயாயிரம் ஆண்டுகளைக் கடந்த பூல்னபுரோன் கல்திட்டையும் இங்கேதான் உள்ளது. 1986-இல் நடந்த அகழாய்வில் அதனடியில் பலருடைய எலும்புகள் கிடைத்தன. பரெனுக்குள் பேருந்து குறைவு. கார் எடுப்பதே நல்லது. நம் ஊரைப் போலவே சாலையின் இடப்புறம் ஓட்ட வேண்டும், ஆனால் பாதைகள் மிகவும் குறுகலானவை.

மறுநாள் மோஹர் பாறைகளுக்கு மதியத்துக்குப் பின் செல்லுங்கள். அவை மேற்கு நோக்கியவை. காலையில் நிழலில் கிடக்கும். உச்சி 214 மீட்டர்; அதனருகே 1835-இல் எழுப்பிய ஓ'பிரையன் கோபுரம் நிற்கிறது. மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஏப்ரல் முதல் ஜூலை வரை பஃபின் பறவைகள் அங்குக் கூடு கட்டும். காற்று மிகக் கடுமையானது. குடை பயன்படாது, தலைமூடி வைத்த மழைக்கோட்டு வேண்டும். விளிம்புக்குப் போய்ப் படமெடுக்க யாரையும் விடாதீர்கள்.

மூன்றாம் நாள் கிடைத்தால், தென்மேற்கு முனையான லூப் ஹெட் கலங்கரை விளக்கத்துக்குப் போங்கள். வழியில் கேரிகஹோல்ட்டிலிருந்து படகேறினால் ஷானன் கழிமுகத்து ஓங்கில்களை (டால்பின்களை) காண வாய்ப்புண்டு. கோடையில் மட்டும் ஓடும் அந்தப் படகுக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது.