முதலில் இழுப்பறையை வெளியே எடுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய டிரெஸ்ஸிங் டேபிள் பார்க்கப் போகிறவர்கள் நேராகக் கண்ணாடி முன்னால் போய் நிற்பார்கள். நான் முதலில் இழுப்பறையை முழுசாக உருவிக் கவிழ்த்துப் பார்ப்பேன். மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஒரு பல் அகலம், அடுத்தது ஒடுக்கம் என்றால் கை உளி வேலை. எல்லாம் ஒரே அளவென்றால் இயந்திரம். ஆனால் நம் ஆசாரிகள் வெகுகாலம் கையால்தான் வெட்டினார்கள், அதனால் இது மட்டும் போதாது. திருகாணித் தலையையும் பாருங்கள். கூட்டல் குறி வெட்டு இருந்தால் அந்தத் திருகாணி 1930களுக்கு முந்தையது இல்லை. மேஜையே புதுசா, பழசில் யாரோ பிற்பாடு முடுக்கியதா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

வடிவத்தில், வளைந்த கால் இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. பின்னாலும் பலமுறை அதையே செய்ததால் காலை மட்டும் நம்பாதீர்கள். கடைசல் கால், சலவைக்கல் மேற்பலகை, இரண்டு கம்பங்களுக்கு நடுவே சாய்கிற கண்ணாடி என்றால் விக்டோரியா காலத்துப் பாணி. வட்டக் கண்ணாடியோ மூன்று மடிப்புக் கண்ணாடியோ, தாழ்ந்த நடுப்பகுதி, உருண்ட மூலைகள் இருந்தால் ஆர்ட் டெக்கோ. 1925 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு உலகம் முழுக்கப் போன பாணி இது, செட்டிநாட்டு வீடுகளிலும் நுழைந்தது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பூச்சு முறையை ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1835இல் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு வெள்ளீயமும் பாதரசமும்தான். பிம்பம் சற்று மங்கி, நீலம் ஓடியதாகத் தெரிந்தால் பின்பக்கத்தைச் சுரண்டவே கூடாது. பாதரசம் விஷம்.

வாங்கியாச்சா, சரி. உடனே பாலிஷுக்குக் கொடுக்காதீர்கள். என் முதல் மேஜையைக் கொடுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பர்மா தேக்கின் பழுப்பு நிறம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். இன்றுவரை மனசு ஆறவில்லை. மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். மேலேயே மெல்லிசாக இன்னொரு பூச்சு ஏற்றலாம், சுரண்ட வேண்டாம்.

இப்போதைய மேஜையில் வலது சின்ன இழுப்பறையின் மூலையில் குங்குமம் மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அதை நான் துடைக்கவில்லை.