டேட்டா அனாலிசிஸ் தேறுச்சா இல்லையான்னு எப்படி பாக்குறது

ரிப்போர்ட் குடுத்தாச்சு, மீட்டிங்ல எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டாங்க, சரி வேலை ஜெயிச்சிடுச்சுன்னு நெனச்சுக்குறோம். நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: இந்த அனாலிசிஸ் இல்லைன்னா எடுத்திருக்கவே மாட்டாங்கங்கிற மாதிரி ஏதாவது ஒரு முடிவு எடுத்தாங்களா?

அதை கடைசில போய் தேட முடியாது, ஆரம்பிக்கும்போதே கேட்டு வச்சுக்கணும். வேலை குடுக்குறவங்ககிட்ட, நம்பர் இவ்ளோக்கு மேல வந்தா என்ன பண்ணுவீங்க, கீழ வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. ரெண்டுக்கும் ஒரே பதில்னா அந்த அனாலிசிஸ் யாருக்கும் தேவையில்ல, தவிர்க்க முடியலன்னா ஒரே நாள்ல முடியுற அளவுக்கு பண்ணிக் குடுத்துட்டு நகந்துடுங்க. பதிலை மெயில்ல வாங்கி வைங்க, மூணு மாசம் கழிச்சு நான் எப்போ அப்படி சொன்னேன்னு கேப்பாங்க.

அக்யூரசிய (கணிப்பு எவ்ளோ துல்லியமா இருக்குங்கிறத) மட்டும் நம்பாதீங்க. நெட்ஃபிளிக்ஸ் 2006ல ஒரு போட்டி வச்சாங்க, எங்க ரேட்டிங் கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்துறவங்களுக்கு 10 லட்சம் டாலர்னு. 2009ல ஒரு டீம் ஜெயிச்சு காசும் வாங்கிடுச்சு, ஆனா அந்த முழு மாடலை (கணிப்பு போடுற கணக்கு முறைய) நெட்ஃபிளிக்ஸ் கடைசி வரைக்கும் ஓட்டவே இல்ல, கூடுதலா கிடைக்குற துல்லியத்துக்கு அவ்ளோ இன்ஜினியரிங் உழைப்பு கட்டுப்படியாகாதுன்னுட்டாங்க. அதே போட்டில நடுவுல 2007ல வந்த ரெண்டு அல்காரிதத்தைதான் எடுத்து யூஸ் பண்ணாங்க. என்னைக் கேட்டா நெஜமா ஜெயிச்சது அந்த ரெண்டுதான்.

அடுத்தது, சும்மா ஒரு சிம்பிளான கணக்கை உங்க மாடல் ஜெயிக்குதான்னு பாருங்க. கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்னு 2008ல வந்துச்சு, ஜனங்க என்ன தேடுறாங்கங்கிறத வச்சு ஃப்ளூ காய்ச்சல் எவ்ளோ பரவுதுன்னு சொல்லும். 2012-13 சீசன்ல அமெரிக்க சிடிசி (நோய்க் கட்டுப்பாட்டுக்கான அரசு அமைப்பு) சொன்னதை விட ரெண்டு மடங்குக்கு மேல காட்டிடுச்சு. இதுல கொடுமை என்னன்னா சிடிசியோட சில வாரம் பழைய நம்பரை எடுத்து அப்படியே நீட்டிப் பாத்தாலே இதை விட நல்லா வந்திருக்கும். அதனால "போன மாசம் எவ்ளோவோ அதேதான் இந்த மாசமும்"னு ஒரு காலம் (column) போட்டு உங்க கணிப்பு பக்கத்துல வைங்க, அதைத் தாண்டலன்னா கடையைக் கட்டிடலாம்.

வரிசை எண்ணிக்கைய சரிபாக்குறது போரிங்தான், ஆனா விடாதீங்க. 2020 செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பத்துல இங்கிலாந்துல பழைய எக்செல் ஃபார்மேட்ல 65,536 வரிசைக்கு மேல ஏறாததால கிட்டத்தட்ட 16,000 கோவிட் கேஸ் நேரத்துக்கு கணக்குல வராம போச்சு. உள்ள போனது எத்தனை, வெளிய வந்தது எத்தனைன்னு பாருங்க, முடிஞ்சா வேற ஒருத்தர்கிட்ட ரா டேட்டாவ குடுத்து அதே நம்பர் வருதான்னும் பாருங்க.

ஏ/பி டெஸ்ட்ல (சில பேருக்கு பழசு, சில பேருக்கு புதுசுன்னு காட்டி ஒப்பிட்டுப் பாக்குற சோதனை) வித்தியாசமே இல்லன்னு வந்து அந்த ஃபீச்சரை கைவிட்டாங்கன்னா, அதுவும் ஒரு முடிவுதான், தாராளமா வெற்றின்னு எழுதிக்கலாம், மேனேஜர் மூஞ்சி எப்படி போனாலும்.

குடுத்து மூணு மாசத்துல ஒரு ரிமைண்டர் போட்டு, சொன்னதை செஞ்சாங்களா, செஞ்சப்புறம் நம்பர் நீங்க சொன்ன ரேஞ்சுக்குள்ள விழுந்துச்சான்னு பாருங்க. தினமும் போற ரிப்போர்ட்டுக்கு இன்னும் ஈசி, யாருக்கும் சொல்லாம ஒரு வாரம் நிறுத்திடுங்க, யார் போன் பண்றாங்கன்னு பாருங்க. சம்பள கணக்கு, ஆடிட் மாதிரி விஷயத்துல மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.