வன்னிக் கரையில் இருவராகப் பாய்ப்படகு ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுவது என் தொழில். பாய் கட்டி ஓடுவது எனக்கும் என் மனைவிக்கும் பிடித்த பைத்தியம். அண்மைக் காலமாக அந்தப் பைத்தியம் மற்றவர்களையும் தொற்றியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் இளம் தம்பதிகளும், கொழும்பில் வேலை பார்ப்பவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சிறு படகு ஒன்றுக்குப் பாய்மரம் பொருத்திக்கொண்டு திருகோணமலையிலிருந்தோ மன்னாரிலிருந்தோ கிளம்பிவிடுகிறார்கள். கரையோரமாகப் போவது, துறைக்குத் துறை ஓரிரவு தங்குவது, அங்கே பிடித்த மீனை அங்கேயே காய்ச்சிச் சாப்பிடுவது என்பது அவர்கள் திட்டம். நல்ல ஆசைதான். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் விட்ட பிழைகளை அவர்களும் அதே வரிசையில் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உடைந்த படகு கடைசியில் என் கொட்டிலுக்குத்தான் வருகிறது. எனக்கு வருமானம்தான், இருந்தாலும் எழுதுகிறேன்.

உயிர்காப்பு அங்கி, குடிதண்ணீர், தொப்பி ஆகியவற்றைப் பற்றி இங்கே எதுவும் இருக்காது. அதையும் ஒருவர் சொன்னால்தான் தெரியும் என்பவர்கள் கரையிலேயே இருப்பது நல்லது.

காற்றைப் பார்க்காமல் விடுமுறையைப் பார்த்துக் கிளம்புவது

வன்னிக்கு இரண்டு கடல். முல்லைத்தீவுப் பக்கம் வங்கக்கடல். பூநகரி முதல் மன்னார் வரையான பக்கம் பாக்கு நீரிணைக் கடல். ஒரே காற்று இந்த இரண்டு கரையிலும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, மேற்குக் கரையில் கடலைக் கிளப்பிவிடும். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நட்டுவைத்திருப்பவர்கள் காரணமில்லாமல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதே சோழகம் முல்லைத்தீவில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் கடல் படுத்துக் கிடக்கும். ஐப்பசியில் வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் கிழக்குக் கரையை மறந்துவிட வேண்டும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள் இரு பக்கமும் நல்லவை. யூலையில் வந்து இறங்கி மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம்வரை பாயில் போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கனடாப் பள்ளிகளின் விடுமுறை அட்டவணையைப் பார்த்துச் சோழகம் வீசுவதில்லை.

கிழக்கில் படுத்துக் கிடக்கும் கடலையும் முழுதாக நம்பக் கூடாது. தரைக்காற்று ஓசையில்லாமல் தள்ளும். சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் கரை இருக்காது, பனை வட்டுகள் மட்டும் தெரியும். பாயோ எஞ்சினோ அந்த நேரத்தில் மக்கர் செய்தால் அடுத்த தரை வங்கக்கடலின் மறுகரைதான்.

தொடுவாயைத் துறைமுகம் என்று நம்புவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். படகையும் பணத்தையும் அதிகம் தின்பதும் இதுதான்.

திருகோணமலையிலிருந்து முல்லைத்தீவுக்குக் கடல்வழியாக ஏறத்தாழ 90 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்கும் கிட்டத்தட்ட அதே தூரம். சிறு பாய்ப்படகு ஒன்று நல்ல காற்றில் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் போகும். ஒரு பகலுக்குள் முடிகிற ஓட்டமில்லை. எனவே நடுவில் எங்கே ஒதுங்குவது என்று வரைபடத்தைத் திறக்கிறார்கள். கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சாலை என்று வரிசையாக நீல நிறம் நிலத்துக்குள் நுழைந்து நிற்கிறது. உள்ளே பரந்த களப்பு, அலையில்லாத நீர். "நான்கு துறைமுகங்கள் இருக்கின்றனவே அண்ணா" என்கிறார்கள்.

ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டு மரினாக்களில் முன்கூட்டியே இடம் பதிந்து, மிதக்கும் மேடையில் படகைக் கட்டி, மின்சாரமும் தண்ணீரும் செருகிப் பழகியவர்களுக்கு இது மண்டையில் ஏறுவதே இல்லை. வன்னியின் கிழக்குக் கரையில் பாய்ப்படகு ஒதுங்குவதற்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய துறைமுகம் கிடையாது. இருப்பவை களப்பு கடலோடு சேரும் வாய்கள், மணல் திறந்துவிடும்போது மட்டும் திறந்திருக்கும் தொடுவாய்கள். மாரி மழையில் களப்பு நிரம்பினால் நீர் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். உடையாவிட்டால் ஊரவர் கூடி வெட்டிவிடுவார்கள். கோடையில் உள்ளிருந்து தள்ளும் நீர் குறைய, அலை கொண்டுவரும் மணல் வாயை மூடிவிடும். மூடாமல் மிஞ்சும் இடத்திலும் வாய் போன ஆண்டு இருந்த இடத்தில் இருக்காது. கைத்தொலைபேசியில் தெரியும் செய்மதிப் படம் எந்த மாதத்தில் எடுத்ததோ, யாருக்குத் தெரியும்?

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவில் நந்திக்கடலின் கரையில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்குப் பாய்ப்படகிலேயே கோவில் வாசல்வரை போய் இறங்கலாம் என்று ஒரு தம்பதி கணக்குப் போட்டிருந்தார்கள். வரைபடத்தில் கடலிலிருந்து கோவில்வரை ஒரே நீலம். வைகாசியில் அந்த வாயில் மணல்தான் கிடக்கும் என்றேன். மணலைத் தாண்டினாலும் வட்டுவாகல் பாலம் நீர்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது, படுத்துக்கொண்டு போனாலும் தலை இடிக்கும் என்றேன். நல்ல பிள்ளைகள், முல்லைத்தீவில் படகை விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் போய்ப் பொங்கல் பார்த்தார்கள்.

கொக்கிளாய்க்குப் போன தம்பதிக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அவர்கள் திருகோணமலையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, பிற்பகல் மூன்று மணியளவில் தொடுவாய்க்கு வெளியே வந்து நின்றிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து மேற்கே நுழைய வேண்டும். வெயில் நேரே கண்ணில். நீரின் நிறத்தை வைத்து ஆழம் பார்க்க முடியாது. சோழகம் எதிரே அடிக்கிறது, பாயை இறக்கிவிட்டு எஞ்சினைப் போட்டார்கள். களப்பு வற்றிக்கொண்டிருந்த நேரம். வெளியே ஓடும் நீரும் உள்ளே வரும் அலையும் முட்டும் இடத்தில் அலை உயர்ந்து நின்று உடையும். ஆனால் கடலிலிருந்து பார்ப்பவருக்கு அலையின் முதுகுதான் தெரியும். அது வழுவழுவென்று ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். உடையும் வெள்ளை கரையில் நிற்பவருக்குத்தான் தெரியும். கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார்கள். வரவேற்கிறார்கள் என்று இவர்களும் கையை ஆட்டினார்கள்.

எஞ்சினின் காற்றாடி மணலில் குத்தி நின்றது. படகு குறுக்கே திரும்பியது. அடுத்த அலை அதைப் பக்கவாட்டில் கவிழ்க்க, பாய்மரம் மணலில் ஊன்றி அடியோடு முறிந்தது. நெஞ்சளவு நீர்தான், ஆனால் இழுவை கடலை நோக்கி. கரைவலைக்காரர்கள் கயிற்றோடு பாய்ந்து இருவரையும் இழுத்தெடுத்தார்கள். "தம்பி, நாங்கள் கை காட்டியது வராதே என்று" என அந்த வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியார் சொன்னாராம். "நான் அப்போதே திரும்பிவிடுவோம் என்றேன்" என்று அந்தப் பெண் என் கொட்டிலில் வைத்துச் சொன்னபோது, கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடியவில்லை. உப்புநீரில் மூழ்கிய எஞ்சினை வெளியே எடுத்த உடனேயே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பிளக்கைக் கழற்றி, உள்ளே நிற்கும் நீரைச் சுற்றி வெளியேற்றி, எண்ணெய் விட்டுத் திரும்பவும் சுற்ற வேண்டும். அதைச் செய்திருந்தால் பிழைத்திருக்கும். இவர்கள் "காயட்டும்" என்று இரண்டு நாள் வெயிலில் வைத்தார்கள். என்னிடம் வந்தபோது பிஸ்டன் இறுகி, இழுக்கும் கயிறு அசையவே இல்லை. படகின் பக்கத்தை நான் ஒட்டிக் கொடுத்தேன். எஞ்சின் இரும்புக் கடைக்குப் போனது.

சரி, என்னதான் செய்வது? தொடுவாய் தேவைப்படாத மாதிரிப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். தரைக்காற்று மாதங்களில் அலை உடையும் இடத்துக்கு நன்றாக வெளியே, ஐந்தாறு மீற்றர் ஆழத்தில் நங்கூரம் போட்டு, ஒருவர் தூங்க ஒருவர் விழித்திருக்கலாம். படகு இரவெல்லாம் உருளும், தூக்கம் கெடும், பாய்மரம் கெடாது. அல்லது இலகுவான படகாக வைத்துக்கொண்டு, மீனவர்கள் செய்வதைப்போல் ஆள் பிடித்து மணலில் ஏற்றிவிடுங்கள். உள்ளே போயே ஆக வேண்டுமானால், கிளம்புவதற்கு முன் தரைவழியாகப் போய்ப் பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்கு மோட்டார் சைக்கிளில் போய்வர அரை நாள் போதும். சிறுவர்கள் முழங்கால் நீரில் நடந்து கடக்கும் இடத்தில் உங்கள் படகு கடக்காது. அங்குள்ள மீனவர் ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் காலையில், சூரியன் முதுகில் இருக்க, நீர் பெருகும்போது மட்டும், அவர் படகின் பின்னால் நுழையுங்கள். வெளியே அரை மணி நேரம் நின்று அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் போகிறது என்று பார்க்கப் பொறுமை இல்லாதவருக்குத் தொடுவாய் சரிவராது.

இருவரில் ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்திருப்பது

பெரும்பாலும் கணவருக்குத் தெரியும். மனைவி தேநீர் ஊற்றுகிறார், படம் எடுக்கிறார். கணவர் தவறிக் கடலில் விழுந்தால்? பாயோடு ஓடும் படகு அவருக்காக நிற்காது.

அமைதியான காலையில் ஒரு வெறும் பிளாஸ்டிக் கானைக் கடலில் எறியுங்கள். மனைவி தனியாகச் சுக்கானைப் பிடித்து, பாயைத் தளர்த்தி, காற்றுக்கு எதிராகத் திரும்பி வந்து அதை எடுக்க வேண்டும். கணவர் அணியத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். பயிற்சியில் பலர் தோற்பது இந்த இரண்டாவது பகுதியில்தான். பிறகு ஆளை மாற்றிச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் சுக்கான் மனைவியுடையது. கரையை நெருங்கும்போது அவர் "திரும்பு" என்றால் நான் ஏன் என்று கேட்பதில்லை, கரைக்கு வந்த பிறகு சண்டை பிடித்துக்கொள்ளலாம்.

மேற்குக் கரையில் பொழுதுபட்ட பின் ஓடுவது

நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைதீவு, விடத்தல்தீவுப் பக்கம் கடல் ஆழமற்றது. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து போகலாம். அடியில் நீருக்குள் நீளும் ஆழக் கட்டை உள்ள படகு அங்கே உதவாது, தூக்கிக்கொள்ளும் கட்டை வேண்டும். மாலையில் நண்டு வலைகளை விட்டுவிட்டு விடியத்தான் எடுப்பார்கள். வலை கிடக்கும் இடத்தைச் சிறு மிதப்பும் கம்பில் கட்டிய ஒரு துணியும்தான் காட்டும். சிறகுவலைக்கு நட்ட தடிகளில் விளக்கு கிடையாது. இருட்டில் அதற்குள் மாட்டினால் உங்கள் சுக்கான் போகும். அதைவிட மோசம், ஒரு குடும்பத்தின் வலை போகும். வெட்டிவிட்டு ஓடாதீர்கள். கரைக்குப் போய்ச் சொல்லி, விலையைக் கொடுங்கள்.

எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகளுக்குப் பயந்து திங்கள், புதன், சனி இரவுகளில் உள்ளூர் ஆட்களே வலை விடத் தயங்குவார்கள். ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை தமிழ்நாட்டில் இழுவைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அந்த இரண்டு மாதமும் கொஞ்சம் நிம்மதி. தலைமன்னார்ப் பக்கம் கைத்தொலைபேசிக்கு "இந்தியாவுக்கு வரவேற்கிறோம்" என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். அது அக்கரைத் தொலைபேசிக் கோபுரத்தின் வேலை. எல்லையை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள்.

பாய்மரம் பாலத்துக்குக் கீழே போகும் என்று எண்ணுவது

போகாது. சங்குப்பிட்டியிலும் போகாது, மன்னாரிலும் போகாது.

நங்கூரக் கயிற்றில் கஞ்சத்தனம்

ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு. குறைந்தால் தூங்காதீர்கள்.

யாருக்கும் சொல்லாமல் கிளம்புவது

கிளம்பும் கரையிலும் சேரும் கரையிலும் கடற்படையினருக்கும் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் சொல்லிவிட வேண்டும். பதிவு இலக்கம் இல்லாத, பாய் கட்டிய, இரண்டு புது முகங்கள் உள்ள படகு இந்தக் கடலில் எப்படித் தெரியும் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

கரைவலைப் பாடு ஒன்றில் நங்கூரம் போடுவது

ஆளில்லாத அழகான மணற்கரை என்று நினைத்து நிறுத்துவீர்கள். அது ஒரு சம்மாட்டியின் பாடு, அவர் கரைவலை இழுக்கும் இடம். விடியற்காலையில் அங்கேதான் வலை வளைப்பார்கள். நடுவில் உங்கள் படகு நின்றால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண். மாலையிலேயே மீனவர் தங்கும் வாடிக்குப் போய், எங்கே நிறுத்தலாம் என்று கேளுங்கள். இடம் காட்டுவார்கள், பெரும்பாலும் இரவுச் சாப்பாடும் கொடுப்பார்கள். காலையில் அவர்களோடு கயிறு பிடித்து இழுத்தால் மீனும் கிடைக்கும். கேட்காமல் நிறுத்திவிட்டு, நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டார்கள் என்று என்னிடம் முறையிட வராதீர்கள். நான் அவர்கள் பக்கம்தான்.