ஆட்டுக்கிடையில் இருக்கும் பிள்ளையை மீட்க

சம்பா அறுப்பு முடிந்ததும் டெல்டா வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள், அதாவது ராத்திரியில் ஆட்டு மந்தையை வயலிலேயே அடைத்து வைப்பார்கள். வீட்டார் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக ஆடு மேய்க்க அனுப்பப்பட்ட சிறுவர்களை அங்கே பார்க்கலாம். காலில் சேற்றுப்புண், கையில் தொரட்டி, ராத்திரி காவலும் அவன்தான்.

பார்த்தவுடன் கிடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விடிவதற்குள் கிடை வேறு ஊருக்கு நகர்ந்துவிடும், பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. எந்த ஊர், யார் வயல், எந்த வாய்க்கால் பக்கம், பையனுக்கு என்ன வயதிருக்கும் என்று குறித்துக்கொண்டு, உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். அவனைப் படமெடுத்துப் பகிர வேண்டாம், அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

மீட்ட 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் அவனை நிறுத்த வேண்டும். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவன் என்று காட்டும் விடுதலைச் சான்றையும் கோட்டாட்சியரிடம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மறுவாழ்வு உதவி கிடைப்பது கடினம். இரக்கப்பட்டு முன்பணத்தை நீங்கள் அடைக்காதீர்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது; கட்டினால் அந்தப் பணம் அடுத்த பிள்ளையைப் பிடிக்கத்தான் போகும்.

பள்ளியில் சேர்க்கும்போது மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லையென்று திருப்பி அனுப்பக் கூடாது. 14 வயதுக்குட்பட்டவனை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப்பயிற்சி தர வேண்டும். இதைக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் வெட்கப்பட்டே நின்றுவிடுவான், பாவம்.

மாலையில் ஒரு மணி நேரம் யாராவது கூட உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசிக்க வையுங்கள். அடுத்த தை, மாசியில் அவன் வீட்டுக்கு அடிக்கடி போய்வாருங்கள். முன்பணம் கொடுத்துப் பிள்ளைகளைப் பிடிக்கும் தரகர் திரும்ப வருவது அப்போதுதான்.