சைலன்சர் குரோமில் ஒட்டிய தார், சேறு போக

புதுசாகப் போட்ட தார் ரோட்டில் ஒரு தடவை போய் வந்தால் போதும், புல்லட் சைலன்சரின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி, அது சூட்டில் வெந்து இறுகிவிட்டால் ஷாம்பு எல்லாம் வேலைக்கு ஆகாது. முதலில் வண்டி நன்றாக ஆறட்டும், சூடான குழாயில் எதையும் ஊற்றாதீர்கள். துணியில் கொஞ்சம் டீசலோ மண்ணெண்ணெயோ நனைத்துப் புள்ளி மேல் ஐந்து நிமிடம் ஒட்டி வைத்தால் தார் இளகி வரும், துடைத்துவிட்டு சோப்புத் தண்ணீரால் பிசுக்கே இல்லாமல் கழுவிக் காயவிட்ட பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அதற்கும் மசியாத சேறு, லேசான துரு இருந்தால், பரோட்டா பார்சலில் வருகிற அலுமினியத் தாளே போதும். கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது என்பதால் கீறல் விழாது, தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு வரும், அதுதான் அழுக்கை எடுக்கிறது. இடையில் மண் துகள் மாட்டினால் மட்டும் கோடு விழும், அதனால் முதலில் கழுவிவிடுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், உப்புத்தாள் இரண்டும் வேண்டவே வேண்டாம். கறுப்புப் பெயின்ட் அடித்த சைலன்சருக்கு இந்த அலுமினிய வித்தை ஆகாது, பெயின்ட் போய்விடும். வளைவில் தெரிகிற நீலம், மஞ்சள் நிறம் அழுக்கே இல்லை, சூட்டினால் வந்தது, அது இதற்குப் போகாது.